ஓபி டம்ப் மேல் விரிசல், அடியில் ஈரம்: மழைக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

சர்வேசங்கிலி:

வணக்கம். ஜார்க்கண்டில் உள்ள ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்துக்குள்ளேயே ஓவர்பர்டனைக் (நிலக்கரிக்கு மேலிருந்து அகற்றும் மண்ணும் பாறையும், சுருக்கமாக ஓபி) கொட்டுகிறோம். 30 மீட்டர் உயரத்தில் மூன்று பெஞ்ச் (படி), மொத்தம் 90 மீட்டர். பெஞ்சுகளுக்கு நடுவே 20 மீட்டர் அகலத் தளம் விட்டிருக்கிறது. பள்ளத்தின் தரை, இப்போது வேலை நடக்கும் பக்கமாக ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று என்று சாய்கிறது. மேட்டின் அடிவாரத்திலிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு ஷவல் (அள்ளும் இயந்திரம்) நிலக்கரி ஏற்றிக்கொண்டிருக்கிறது.

மேல் பெஞ்சில் விளிம்பிலிருந்து 5 மீட்டர் உள்ளே, விளிம்புக்கு இணையாக 20 மீட்டர் நீளத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. அகலம் 3 செ.மீ. 14 மீட்டர் உள்ளே இன்னொரு விரிசல். மெல்லியதுதான், ஆனால் இரண்டு முனையும் முகப்புப் பக்கமாக வளைகின்றன. அடிவாரத்தில் ஓரிடத்தில் தரை நனைந்திருக்கிறது, மழையோ இன்னும் தொடங்கவில்லை.

"சரிவு 37 டிகிரிதான், சட்டத்துக்கு உட்பட்டது, விரிசல் மண் அமர்வதால் வருவது" என்கிறார்கள். நகர்வைக் கண்காணிக்கும் ராடார் இல்லை. டோட்டல் ஸ்டேஷனும் (தூரமும் கோணமும் அளக்கும் சர்வே கருவி) டேப்பும் உண்டு. அமர்வு விரிசலையும் சரிவு விரிசலையும் எப்படிப் பிரித்தறிவது? எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது? எந்த நிலையில் ஆட்களை வெளியே எடுக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள் சார்.

அடிவாரம்:

முதலில் அந்த ஷவலை நகர்த்தச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

கணக்கு இது. 37.5 டிகிரி சரிவில் 30 மீட்டர் பெஞ்ச் ஒன்றுக்குக் கிடைமட்டத்தில் 39 மீட்டர் போகும். மூன்று பெஞ்சுக்கு 117, இரண்டு தளத்துக்கு 40, ஆக விளிம்பிலிருந்து அடிவாரம் வரை 157 மீட்டர். மொத்தச் சரிவு கிட்டத்தட்ட 30 டிகிரி. 90 மீட்டர் மேடு இடிந்து ஓடும்போது, விளிம்பையும் ஓட்டம் நிற்கும் இடத்தையும் சேர்க்கும் கோடு 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால் மண் விளிம்பிலிருந்து 247 மீட்டர் வரை போகும். அதாவது அடிவாரத்தைத் தாண்டி 90 மீட்டர். ஷவல் 60 மீட்டரில் நிற்கிறது. தரையும் அந்தப் பக்கமே சாய்கிறது, அடியும் நனைந்திருக்கிறது என்றால் 90 என்பதே குறைவான மதிப்பீடு.

சட்டக் கோணம் பற்றி. 2017 நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் சொல்வது: கொட்டும் பொருள் தானாகப் படியும் கோணத்தை மீறக் கூடாது, எப்படியும் 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் பெஞ்ச் போட வேண்டும். மொத்தச் சரிவு 1.5 கிடைமட்டத்துக்கு 1 செங்குத்து என்பதை மீறக் கூடாது, இது சுமார் 33.7 டிகிரி. உங்கள் மேடு இதற்கெல்லாம் உட்பட்டதுதான். ஆனால் இவை உச்ச வரம்புகள். வரம்புக்குள் இருப்பதால் மேடு நிற்கும் என்று எந்த ஒழுங்குமுறையும் சான்று தரவில்லை. அதே ஒழுங்குமுறைதான், சரியக்கூடிய விதத்தில் கொட்டவே கூடாது என்றும், இயங்கும் மேட்டின் அடிவாரத்துக்கு ஆபத்து வரம்புக்குள் யாரும் போகக் கூடாது என்றும் சொல்கிறது. 37 டிகிரியை மேற்கோள் காட்டுபவரிடம் இந்த இரண்டையும் படித்துக் காட்டுங்கள்.

உட்பள்ள மேடுகள் பெரும்பாலும் முகச்சரிவில் தோற்பதில்லை. மேடு தரையைத் தொடும் தட்டில் தோற்கின்றன. எட்டுக்கு ஒன்று என்றால் 7 டிகிரி. தரையில் நனைந்து நசுங்கிய களிமண்ணோ கரிக்களிப்பாறையோ இருந்தால், ஒருமுறை நழுவியபின் அதன் உராய்வுக் கோணம் 10, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். அடித்தட்டை மட்டும் வைத்துப் பாருங்கள்: 10 டிகிரி உராய்வு, 7 டிகிரி சரிவு, நீரழுத்தம் இல்லை என்றால் காப்புக் காரணி (தாங்கும் விசையைத் தள்ளும் விசையால் வகுத்த எண், 1க்குக் கீழே போனால் சரியும்) 1.4. மேட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீரழுத்தம் தாங்கத் தொடங்கினால் அதே காரணி 0.94. மேல்பகுதி பின்னாலிருந்து தள்ளுவதைச் சேர்த்தால் இன்னும் குறையும். முகச்சரிவின் கோணம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா?

மழை வந்தால்தான் ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். ஜார்க்கண்டின் கோட்டா மாவட்டம் லால்மட்டியாவில், ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கத்தில் 23 பேர் மண்ணுக்குள் போனது 2016 டிசம்பர் 29. பருவமழை ஓய்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

இனி விரிசல். 5 மீட்டரில் இருப்பது அமர்வு விரிசலாக இருக்கலாம். புதிதாகக் கொட்டிய விளிம்பு இறுகும்போது அப்படித்தான் வரும்: நேராக ஓடும், இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும், நாளாக ஆகத் திறப்பு மந்தமாகும். 14 மீட்டரில் இருப்பதுதான் எனக்குக் கவலை. முனைகள் முகப்புப் பக்கம் வளைகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு திரள் முழுசாகப் பிரிகிறபோது வரும் வடிவம் அது. அங்கே ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். முகப்புப் பக்கம் ஒரு செ.மீ. தாழ்ந்திருந்தாலும் அதை அமர்வு என்று சொல்ல வேண்டாம்.

அளக்கும் முறை எளிது. 12 அல்லது 16 மி.மீ. முறுக்குக் கம்பியை 1 மீட்டர் நீளத்தில் வெட்டி, விரிசலின் இரு பக்கமும் விளிம்பிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி அடியுங்கள். ஒட்டி அடித்தால் ஓரம் உதிரும்போது கம்பி சாய்ந்து பொய் அளவு காட்டும். கம்பித் தலையில் பஞ்ச் குறி. குறிக்குக் குறி ஸ்டீல் டேப், 1 மி.மீ. வரை. கூடவே இரண்டு தலைகளுக்கும் மட்ட வித்தியாசம். ஒரு விரிசலுக்கு மூன்று ஜோடி: நடுவில் ஒன்று, இரு முனைப் பக்கமும் ஒவ்வொன்று. விரிசலின் முனை எங்கே நிற்கிறது என்று சுண்ணாம்பால் தேதியோடு குறியுங்கள். நீளம் வளர்வது அகலம் வளர்வதைவிட முன்னதாகவே சேதி சொல்லும். கம்பி அடிக்கப் போகிறவர் விரிசலின் பின்பக்கத்திலிருந்து போகட்டும், பெல்ட்டும் கயிறும் கட்டி, இன்னொருவர் காவலிருக்க.

சுற்றிப் பார்ப்பதை எப்போதும் அடிவாரத்தில் தொடங்குங்கள், ஆனால் தூரத்திலிருந்து, பைனாகுலரோ ட்ரோனோ வைத்து. தரை புடைத்திருக்கிறதா, வேலிக் கம்பம் சாய்ந்திருக்கிறதா, அடிவார வாய்க்கால் போன வாரத்தைவிட ஒடுங்கியிருக்கிறதா? அடி புடைப்பும் மேலே வளைந்த விரிசலும் ஒன்றாகத் தெரிந்தால் அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே பள்ளத்தைக் காலி செய்யுங்கள்.

நீர்மட்டம்:

ஈரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியில் என்னை உறுத்துவது அதுதான். மழையில்லாத மாதத்தில் அடிவாரம் நனைகிறது என்றால் தண்ணீர் வேறெங்கிருந்தோ வருகிறது. மூன்று இடங்களைப் பாருங்கள்: மேட்டின் பின்னால் மேல்மட்டத்தில் சம்ப் (நீர் சேரும் குழி) அல்லது குட்டை இருக்கிறதா, மேட்டுக்கடியில் பழைய நிலத்தடி கேலரி (சுரங்கப் பாதை) போகிறதா, பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் ஓடையோ ஊற்றோ காட்டியிருக்கிறதா. நிலத்தடிச் சுரங்கம் பல தலைமுறையாக நடந்த வட்டாரம் என்றால் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

நனைந்த இடம் ஓடத் தொடங்கியதும் அளவு எடுக்க வேண்டும். தகரத் தகட்டில் 90 டிகிரி வெட்டு வெட்டிச் சிறு வாய்க்காலில் குறுக்கே நிறுத்துங்கள். நீர் விழும் இடத்தில் அளக்காதீர்கள், அங்கே மட்டம் தாழ்ந்திருக்கும். நீர் உயரத்தைப் போல நாலு மடங்காவது பின்னால் தள்ளி அளவுகோல் நட வேண்டும். வெட்டின் அடிமுனையிலிருந்து 5 செ.மீ. உயரம் என்றால் நொடிக்கு 0.77 லிட்டர். 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும். அதனால் "கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது" என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இடமில்லை.

ஓட்டத்தைவிட நிறம் முக்கியம். ஒரு லிட்டர் தெளிவான பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் மண் படிந்தால் மேட்டுக்குள்ளிருந்து நுண்மண்ணை நீர் அரித்துக் கொண்டுவருகிறது. ஓடிக்கொண்டிருந்த கசிவு காரணமில்லாமல் திடீரென நின்றாலும் மகிழ வேண்டாம், வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறப் படிவு இருந்தால் பிஎச் தாள் வைத்துப் பாருங்கள். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கரைந்து வரும் அமிலநீரை வெளி ஓடையில் விடக் கூடாது.

உள்ளே நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அடிவாரம் மேலே போட்ட கணக்கை யாராலும் முடிக்க முடியாது. ஸ்டாண்ட்பைப் பீசோமீட்டர் (உள்ளே நீர்மட்டம் அளக்கும் குழாய்) பெரிய செலவில்லை. கீழ்த் தளத்திலிருந்து தரை வரை துளை, அடி மீட்டரில் துளையிட்ட பிவிசி குழாய், அதைச் சுற்றி மணல், மணலுக்கு மேல் ஒரு மீட்டர் பெண்டோனைட் (நீரில் உப்பும் களிமண்) அடைப்பு. அடைப்பை விட்டால் மேல்மழை குழாயோரமாக இறங்கி நீங்கள் அளப்பது மழைநீராகிவிடும். கீழ்த் தளத்தில் இரண்டு, நடுத் தளத்தில் ஒன்று இருந்தாலே படம் கிடைக்கும். துளையிட ரிக் ஏறும் முன் விரிசல் அளவு ஒரு வாரமாவது அசையாமல் இருக்க வேண்டும்.

விரிசலைத் திறந்து வைத்து மழைக்காலத்துக்குள் போகாதீர்கள். 5 மீட்டர் ஆழ விரிசலில் நீர் நிரம்பினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 12.5 டன் விசை முகப்பை நோக்கித் தள்ளும். கம்பி அடித்து முதல் அளவுகளை எழுதிய பிறகு களிமண் போட்டு இடித்து, மேலே சிறிது மேடாக்கி விடுங்கள். அளக்காமல் மூடுவது தடயத்தை அழிப்பது. மேல்தளம் விளிம்பிலிருந்து உள்நோக்கி நூற்றுக்கு ஒன்றிரண்டு சாய வேண்டும். நீர் உள்ளே ஓடி, ஓரிடத்தில் சேர்ந்து, கான்கிரீட் அல்லது கல் பாவிய சரிவுவாய்க்கால் வழியாக இறங்கட்டும். டம்பர் சக்கரத் தடங்களில் குட்டை நின்றால் டோசரை விட்டு அன்றே சமப்படுத்துங்கள்.

மேட்டுக்குப் பின்னால் நீரைத் தேக்குவது தனிக் கொடுமை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1972 பிப்ரவரி 26 அன்று, நிலக்கரிக் கழிவாலேயே கட்டிய அணை உடைந்து பஃபலோ க்ரீக் பள்ளத்தாக்கில் 125 பேர் இறந்தார்கள். இன்று அங்கே புதிய கழிவு மேட்டை 2 அடிக்கு மிகாத அடுக்குகளாக இறுக்கித்தான் எழுப்ப வேண்டும், சரிவு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. நம் 37.5 டிகிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சர்வேசங்கிலி:

மிக்க நன்றி. ஷவல் நேற்றே 200 மீட்டர் தள்ளிப் போய்விட்டது. கம்பி அடித்தாயிற்று. 14 மீட்டர் விரிசலில் முகப்புப் பக்கம் 8 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. முதல் மூன்று நாளில் நடு ஜோடி 4 மி.மீ. திறந்தது.

விசாரித்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. அந்தப் பக்கம் கொட்டத் தொடங்கியபோது பழைய சம்பில் இருந்த சேற்றை வாரவில்லை, அதன் மேலேயே கொட்டியிருக்கிறார்கள். இரண்டாவது, நனைந்த இடத்தை வடிக்க அடிவாரத்தை ஒட்டி 3 மீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டலாம் என்று திட்டம் போடுகிறார்கள். இது சரியா?

அடிவாரம்:

கூடாது. அடிவாரத்தில் இருக்கும் ஒவ்வொரு டன்னும் மேட்டைத் தாங்குகிறது. சேற்றின் மேல் நிற்கும், ஏற்கெனவே நகரும் மேட்டின் அடியில் 3 மீட்டர் வெட்டினால் நீங்களே சரிவைத் தொடங்கி வைப்பீர்கள். அடிவாரத்தில் விட்டுப்போன நிலக்கரி விளிம்பைத் தோண்டி எடுப்பதும், சிறு சரிவு விழுந்த மண்ணை உடனே வாரிச் சுத்தம் செய்வதும் இதே தவறுதான். விழுந்த மண் விழுந்த இடத்தில் கிடக்கட்டும்.

செய்ய வேண்டியது எதிர்த்திசை. மேலே கொட்டுவதை அந்த நீளத்தில் முழுக்க நிறுத்துங்கள், வளைந்த விரிசலின் இரு முனைகளுக்கும் அப்பால் 50 மீட்டர் சேர்த்து. மேல் பெஞ்சின் தலையிலிருந்து பின்பக்கமாக மண்ணை எடுத்து எடையைக் குறைக்கலாம். அது அளவுகள் மந்தமான பிறகு, விரிசலுக்குப் பின்னால் நிற்கும் இயந்திரத்தால் மட்டும். அடிவாரத்துக்கு முன்னால் பெரிய, கெட்டியான மணற்பாறைக் கற்களால் தாங்கு மேடு போடலாம். அடியில் முதல் அடுக்காக நீர் வழியும் கல் போட வேண்டும், களிமண் கலந்த ஓபியைப் போட்டால் கசிவை அடைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடும். இதையும் நகர்வு நின்ற பிறகே. நகரும் மேட்டின் முன்னால் டிப்பர் ஓட்டுநரை அனுப்ப யாருக்கும் உரிமையில்லை.

நகர்வைப் படிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். தினசரி வேகத்தைக் கணக்கிட்டு, ஒன்றை அந்த வேகத்தால் வகுத்து, வரும் எண்ணை நாளுக்கு எதிராக வரைபடத்தாளில் குறியுங்கள். உதாரணத்துக்கு: 1ஆம் நாள் வேகம் 2 மி.மீ., வகுத்தால் 0.5. 3ஆம் நாள் 2.5, அதாவது 0.4. 5ஆம் நாள் 3.3, அதாவது 0.3. 7ஆம் நாள் 5, அதாவது 0.2. புள்ளிகளைச் சேர்த்தால் நேர்க்கோடு, அது 11ஆம் நாள் பூஜ்யத்தைத் தொடும். சரிவு அந்த நாளை ஒட்டி வரும் என்று பொருள். வேகம் 2லிருந்து 5 ஆனதை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது, இந்தக் கோடுதான் காட்டிக்கொடுக்கும். இதைக் கொண்டு 10ஆம் நாள் வரை வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் தாளைக் கொடுக்காதீர்கள். ஒரு நல்ல மழை அந்தக் கோட்டை ஒரே இரவில் செங்குத்தாக்கும்.

உங்கள் 4 மி.மீ. மூன்று நாளுக்கு, அதாவது நாளுக்கு 1.3. எல்லா மேட்டுக்கும் பொதுவான எல்லை என்று எதுவும் கிடையாது. ஆனால் சேறு, சாய்ந்த தரை, கசிவு மூன்றும் சேர்ந்த மேட்டுக்குத் தொடக்கமாக நான் வைப்பது: நாளுக்கு 1 மி.மீ.க்குக் கீழே என்றால் தினம் ஒருமுறை அளவு. 1 முதல் 5 வரை ஷிஃப்டுக்கு ஒருமுறை, ஓட்ட எல்லைக்குள் யாரும் இல்லை. 5ஐத் தாண்டினாலோ, தொடர்ந்து மூன்று அளவுகளில் வேகம் ஏறினாலோ, அந்தப் பக்கப் பள்ளம் முழுவதும் காலி. ஒரு இரவில் 50 மி.மீ. மழை பெய்தால் அளவு எதுவாக இருந்தாலும் காலைச் சோதனை முடியும்வரை யாரும் இறங்கக் கூடாது. இதைத் தாளில் எழுதி, மேலாளர் கையெழுத்து வாங்கி, ஷிஃப்ட் ஓவர்மேன் (மேற்பார்வையாளர்) யாரையும் கேட்காமல் ஆட்களை வெளியே எடுக்கலாம் என்ற ஒரு வரியையும் சேர்த்து ஒட்டுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மீதி எண்களால் பயனில்லை, ஏனென்றால் நகர்வு வேகமெடுப்பது பெரும்பாலும் இரவு ஷிஃப்டில் யாரும் தொலைபேசியை எடுக்காத நேரமாகவே இருக்கும்.

டோட்டல் ஸ்டேஷன் பற்றி ஒரு சொல். 500 மீட்டரில் நடைமுறைத் துல்லியம் 3 முதல் 5 மி.மீ. ஒருநாள் வித்தியாசத்தை அதில் நம்ப வேண்டாம், அதற்கு டேப்பும் கம்பியும்தான். மேட்டின் பொதுநகர்வைப் பார்க்கத் தளத்துக்கு நாலைந்து பிரிசம் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) நடுங்கள். கருவி நிற்கும் தூணும் ஒப்பு நோக்கும் புள்ளியும் கட்டாயம் இயற்கைத் தரையில் இருக்க வேண்டும். மேட்டின் மேலேயே தூண் கட்டிவிட்டு "நகர்வு பூஜ்யம்" என்று எழுதிய அறிக்கைகள் உண்டு.

கரித்தணல்:

சேறு, நீர் எல்லாம் சொல்லியாயிற்று. கொட்டும் பொருளில் கரிக்களிப்பாறையும் நிலக்கரித் துண்டும் கலந்திருந்தால் சூட்டையும் பாருங்கள். மேலிருந்து தள்ளும்போது பெரிய கற்கள் உருண்டு அடியில் சேரும், நுண்மண் மேலே தங்கும். அடியில் உள்ள இடைவெளி வழியாகக் காற்று புகுந்து மேலே ஏறும், பைரைட்டும் கரியும் மெல்ல ஆக்சிஜனேற்றம் ஆகி வெப்பம் சேரும்.

விடியும் முன் வெப்பக் கேமரா பிடித்தால் சூடான திட்டுகள் தெளிவாகத் தெரியும், வெயில் ஏறினால் கறுப்பான கல் எல்லாமே சூடாகத் தெரியும். கேமரா இல்லையென்றால் கந்தக வாடை, மழைக்குப் பின் நிற்காத ஆவி, வெள்ளை மஞ்சள் படிவுகள், ஓரிடத்தில் மட்டும் கருகிய புல். வெப்பத் திட்டின் மேல் நடக்கவே கூடாது. உள்ளே எரிந்து வெற்றிடமாகியிருக்கும், மேலோடு ஆளைத் தாங்காது. கீழ்க்காற்றில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், மீட்டர் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது, அதுதான் ஆபத்து. தணலில் நீர் பட்டால் ஆவி வெடிக்கும், எரிவாயுவும் பிறக்கும், போதாததற்கு மேட்டுக்குள் நீரும் ஏறும். சிறிய திட்டு என்றால் நீண்ட கை எக்ஸ்கவேட்டரால் தோண்டி, மெல்லிய அடுக்காகப் பரப்பி ஆறவிட்டு, இறுக்கி மூட வேண்டும். பெரியது என்றால் அடிவாரத்திலும் முகத்திலும் களிமண் போர்வை போட்டுக் காற்றை நிறுத்த வேண்டும். மேலே மட்டும் மூடினால் அடியில் இழுப்பு தொடரும்.

ஊற்றுக்கண்:

பழைய வரைபடம் பார்க்கச் சொன்ன நீர்மட்டம் அவர்களின் வரிக்கு ஒரு சான்று. வேல்ஸில் ஆபர்ஃபான் ஊருக்கு மேலே மெர்தர் வேல் சுரங்கத்தின் 7ஆம் எண் மேடு 1958இல் தொடங்கப்பட்டது, ஊற்றின் மேலேயே. அந்த ஊற்று அரசு நில அளவை வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. அதே மலைச்சரிவில் 1944இலும் 1963இலும் சறுக்கல்கள் நடந்திருந்தன. 1966 அக்டோபர் 21 காலை வேலைக்கு ஏறியவர்கள் மேட்டின் தலை 3 மீட்டர் இறங்கியிருப்பதைக் கண்டார்கள், 9 மணிக்குள் அது 6 மீட்டர் ஆனது. 9:15க்கு மேடு கூழாகிப் பாய்ந்தது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

நீரில் ஊறிய தளர்ந்த நுண்கழிவு அசைந்ததும் திரவமாகிவிடுகிறது. அதனால்தான் வாஷரிக் (நிலக்கரி கழுவும் ஆலை) கழிவை ஓபியோடு சேர்த்துக் கொட்டக் கூடாது என்று அவ்வளவு கடுமையாகச் சொல்கிறோம். எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை மன்றம், மேடுகளுக்கென்று கொள்கையே இருக்கவில்லை என்று கண்டது. 1969இல் அங்கே மேடுகளுக்கெனத் தனிச் சட்டம் வந்தது.

மூடிவிட்ட சுரங்கத்தின் மேடுகளையும் பார்ப்பது அங்கே இன்றும் தொடர்கிறது. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் மழையில் டைலர்ஸ்டவுனில் பழைய மேடு சரிந்தது, உயிரிழப்பு இல்லை. அதன்பின் 2,500க்கும் மேற்பட்ட கைவிட்ட மேடுகளை வகைப்படுத்தி, ஆபத்து கூடிய டி வகையை ஆண்டுக்கு இருமுறையும் சி வகையை ஒருமுறையும் சோதிக்கிறார்கள். நம்மிடம் மேட்டில் மரம் நட்டதும் சோதனைப் புத்தகத்தை மூடிவிடும் பழக்கம் இருக்கிறது. மரம் மேல்மண்ணைப் பிடிக்கும், 30 மீட்டர் கீழே உள்ள சேற்றுத் தட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மணற்கேணி:

நெய்வேலிப் பக்கம் இருந்து படிப்பவர்களுக்கு இரண்டு வரி. அங்கே ஸ்ப்ரெடர் (மண்ணைக் கொட்டிப் பரப்பும் இயந்திரம்) பரப்பும் மேடு. களிமண்ணும் உதிர்மணற்பாறையும் கலந்தது, பாறைத் துண்டு குறைவு. காய்ந்த கல்லுக்கான கோணங்களை அதற்குப் பொருத்த வேண்டாம். லிக்னைட்டுக்குக் கீழே அழுத்தத்தில் இருக்கும் நிலத்தடி நீர் உண்டு, அதை இரவு பகலாக பம்ப் செய்துதான் தரையைக் காக்கிறார்கள். ஆகவே அங்கே மேடு சோதிப்பவர் பம்ப் கிணறுகளின் நீர்மட்டப் பதிவையும் கூடவே வாசிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைதான் கனமானது என்பதால் முழுச் சோதனை செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும், ஜார்க்கண்டுக்கு மே போல.

நீர்மட்டம்:

கொட்டும் இடத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. விளிம்புத் தடுப்பு மேடு டம்பர் சக்கர விட்டத்தில் பாதிக்குக் குறைந்தால் அது தடுப்பே இல்லை. 100 டன் வண்டியின் டயர் 2.7 மீட்டர், எனவே 1.35 மீட்டராவது வேண்டும். கவனியுங்கள், அந்தத் தடுப்பு பின்சக்கரத்துக்கு எல்லையைக் காட்டத்தான், வண்டியின் எடையைத் தாங்க அல்ல. விரிசல் உள்ள நீளத்தில் விளிம்பில் கொட்டவே வேண்டாம். விரிசலுக்குப் பின்னாலேயே கொட்டி டோசரால் தள்ளலாம் என்பார்கள், அதுவும் தலையில் எடை ஏற்றுவதுதான். வேறு பக்கம் கொட்டுங்கள்.

சர்வேசங்கிலி:

அடிவார வாய்க்கால் திட்டம் நிறுத்தப்பட்டது. மேலே 120 மீட்டர் நீளத்துக்குக் கொட்டுவதும் நிறுத்தம். வெட்டுத் தகடு நாளை வைக்கிறோம். ஒரே சந்தேகம்: ட்ரோன் படத்திலிருந்து அடிவாரப் புடைப்பை அளக்க முடியுமா?

அடிவாரம்:

முடியும், ஆனால் 5 முதல் 10 செ.மீ.க்குக் குறைந்த மாற்றத்தை நம்ப வேண்டாம். மேட்டுக்கு வெளியே அசையாத தரையில் ஆறேழு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைத்து, ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில், வாரம் ஒருமுறை பறக்கவிடுங்கள். இரண்டு வார மேற்பரப்பைக் கழித்துப் பாருங்கள். முதல் பறப்பை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். மழை விழுந்து அடிவாரம் சேறானபின் எடுத்தால் ஒப்பிடத் தொடக்கப் படம் இருக்காது.